அரைச் சுற்று

ஓஸ்வால்டின் சவப்பெட்டி வைக்க மேசை வேண்டியிருந்தது. மேசை முழுக்க அவருடைய ரேஸ் பலகை. அதில் வெட்டிய பள்ளத்தில் பொம்மைக் காரின் அடி ஊசியைச் சொருகிக் கரண்ட் கொடுத்தால் அது பறக்கும். மனைவி ஜோசஃபின் ஒரு முனையும் கொழுந்தன் கிளாரன்ஸ் மறுமுனையும் பிடித்து உள்ளறைக்குத் தூக்கிப் போனார்கள். ஒக்கலிபுரமே வாசலில் நின்றது. அவளுக்கு அழக்கூட நேரமில்லை.

கிளாரன்ஸ் சிவப்புக் காரைப் புரட்டிப் பார்த்தான். மேல்கூட்டை அடித்தகட்டோடு சேர்க்கும் நாலு ஸ்க்ரூவும் ஆடின.

"பாத்தீங்களா அண்ணி? ஸ்க்ரூ முறுக்கக்கூட முடியாமப் போச்சு அண்ணனுக்கு."

அவளுக்குச் சுருக்கென்றது. ஆறு மாதமாக அவருக்குக் கை நடுக்கம். ஒர்க்‌ஷாப்பில் லேத்திலிருந்து எடுத்து ஸ்டோரில் உட்கார வைத்துவிட்டார்கள். "வேலைன்னு வந்தா கை நடுங்காம நிக்கும் ஜோசி" என்பார். அவள் நம்பியதே இல்லை. போன வாரம் ஸ்க்ரூ டிரைவரைப் பிடுங்கி வைத்ததும் அவள்தான். "எடுத்துக்கோ, கார் ரெடி" என்று சிரித்தார். பாவம், சமாளிக்கிறார் என்று நினைத்தாள்.

அடக்கம் முடிந்து, வந்தவர்கள் கலைந்தபின் பலகை மேசைக்குத் திரும்பியது.

"ஞாயித்துக்கிழமை கிளப் ரேஸ்ல அண்ணன் பேரு இருக்கு. எடுத்துடச் சொல்லட்டா?"

"முதல்ல ஓட்டிப் பாரு" என்றாள். அவர் விட்டுப்போன குறை வெளியே தெரியக்கூடாது என்று நாலு ஸ்க்ரூவையும் தானே இறுக்கிக் கொடுத்தாள்.

நேர்ப்பாதையில் பறந்த கார் வளைவில் தூக்கியெறியப்பட்டுச் சுவரில் மோதியது. மூன்று தடவையும் அதே கதி.

"வளைவுல டயர் தூக்குது அண்ணி. பிடியே இல்ல."

ஜோசஃபின் காரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இறுக்கும்போது நாலு ஸ்க்ரூவும் சரியாக அரைச் சுற்றில்தான் நின்றன. ஒன்றுகூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நடுங்கும் கை அப்படியா விடும்?

நாலையும் அரைச் சுற்றுத் தளர்த்தி, மறுபடி ஓட்டச் சொன்னாள்.

வளைவில் மேல்கூடு மட்டும் ஒரு பக்கம் சாய்ந்து ஆடியது. அடித்தகடு அசையவில்லை. நாலு டயரும் பலகையைக் கவ்விக்கொண்டு வளைந்து போயின.

"அடேயப்பா! வேணும்னேதான் லூசா விட்டிருக்காரு!"

"கை நின்னிருக்கு கிளாரன்ஸ்" என்றாள். சந்தோஷமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

ஸ்க்ரூ டிரைவரைக் கோயில் பையில், ஜெபமாலையோடு போட்டாள்.

"பேரை எடுக்க வேணாம். பூசை முடிஞ்சு நேரா ரேஸுக்குப் போயிடலாம்."

கிளாரன்ஸ் கரண்டை நிறுத்தக் கையை நீட்டினான்.

"இருக்கட்டும். இன்னும் கொஞ்சம் ஓடட்டும்."