உப்புக்குக் கூப்பிடும் குரல்

என் பசு பந்தோராவின் விலாவில் வெள்ளைப் பெயின்டால் ஏழு என்று எழுதிக்கொண்டிருந்தேன். இவெட் தன் பசுவை ஓட்டிவந்து பக்கத்தில் நிறுத்தினாள். இவெட் என் ஓரகத்தி. சமவெளிப் பட்டணத்திலிருந்து எங்கள் பள்ளத்தாக்குக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்த புதிதில் பசுவின் எந்தப் பக்கம் உட்கார்ந்து கறப்பது என்றுகூடத் தெரியாது. அவள் பசுவின் எண் இருபத்திரண்டு. இரண்டு இரண்டுகளையும் அன்னம் மாதிரி வளைத்து எழுதியிருந்தாள். அதுகூட எனக்குப் பொறுக்கவில்லை.

ஜூனில் மேட்டு மேய்ச்சலுக்கு ஏற்றும் நாளில் எல்லா வீட்டு மாடுகளும் ஒரே மந்தையாகும். யார் பெரியவள் என்று கொம்பு கோத்து அவையே முடிவு செய்துகொள்ளும். கடைசிவரை முதுகு காட்டாதவள் ராணி. செப்டம்பரில் மந்தை இறங்கும்போது கொம்பில் பூக்கட்டி அவள்தான் முதலில் வருவாள், பக்கத்தில் வளர்த்தவள் நடப்பாள். மூன்று வருடமாக அப்படி நடந்தவள் நான். சர்ச் வாசலில் எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பார்கள். அந்த ருசி பழகிவிட்டது.

இவெட்டின் பசு வேறு யாருமில்லை, என் பந்தோரா போட்ட கன்றுதான். வற்றலாகப் பிறந்ததால் மூஷ், அதாவது ஈ, என்று பெயர் வைத்தேன். ஆறு மாதம் பார்த்துவிட்டு, இது தேறாது என்று இவெட்டின் தலையில் கட்டினேன். ஊர் சிரிக்கட்டும் என்றுதான் கொடுத்தேன். ஐந்து வருடத்தில் அந்த ஈயின் கழுத்து உத்தரக்கட்டை மாதிரி திரண்டுவிட்டது. போன வாரம் சாப்பிடும்போது என் கணவர் பசீல், இவெட்டுக்குக் கைராசி என்றார். இருபத்தாறு வருடத்தில் என் கையைப் பற்றி அந்த மனிதர் வாய் திறந்ததில்லை.

மதியத்துக்குள் மற்றவையெல்லாம் தோற்று ஒதுங்கி மேயத் தொடங்கிவிட்டன. தாயும் மகளும்தான் மிச்சம். தாந் ப்லான்ஷ் சிகரத்தை மூடியிருந்த மேகம் விலகி, பனியில் பட்ட வெயிலில் கண் கூசியது. இரண்டும் முன்னங்காலால் மண்ணைக் கிளறின, தலையைத் தாழ்த்தின, மோதின. மாடுகள் கொம்பு கோத்திருக்கும்போது வளர்த்தவர்கள் வாய் திறப்பதில்லை. எங்கள் ஊரில் யாரும் மீறாத கட்டுப்பாடு அது.

பத்து நிமிடம் போயிருக்கும். பந்தோராவின் பின்னங்கால் ஒரு முழம் சறுக்கியது. எதிரே இவெட் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பசீலும் அவள் பக்கத்தில்தான் நின்றார், அங்கிருந்து நன்றாகத் தெரிகிறதாம். மூஷ் என் கொட்டிலில் உப்பு நக்கி வளர்ந்தவள்தானே, என் குரலுக்குத் துள்ளிக்கொண்டு ஓடிவருவாளே என்று தோன்றியது. ஒருமுறை திரும்பினால் போதும், தோற்றதாகக் கணக்கு. நினைத்து முடிப்பதற்குள் வாய் உப்புக்குக் கூப்பிட்டுவிட்டது. "தா, தா, தா…"

மூஷ் காதைக்கூட அசைக்கவில்லை. பந்தோரா கொம்பை உருவிக்கொண்டு திரும்பினாள்.

தலைமை மேய்ப்பர் ஆன்செல்ம் கோலை உயர்த்தினார். "முதுகு காட்டிருச்சு. இருபத்திரண்டுதான் ராணி." பிறகு என்னைப் பார்த்தார். "நீ ஏம்மா நடுவுல குரல் குடுத்த?"

"கால் சறுக்கிருச்சு. பயந்துட்டேன்," என்றேன்.

எல்லாரும் நம்பினார்கள். பாவம் என்றார்கள். பந்தோரா கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்து, உப்பில்லாத உள்ளங்கையைச் சுற்றிச் சுற்றி நக்கினாள். பசீல் தலையைத் திருப்பிக்கொண்டார்.

இவெட் வந்தாள். மூஷ் அவள் பின்னாலேயே வந்தது. இவெட் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எங்கிட்ட வந்த புதுசுல, சாயங்காலம் உங்க குரல் கேட்டா கயித்த இழுத்துக்கிட்டுக் கத்தும்க்கா. ஒரு மாசம் கத்துச்சு. அப்புறம் மறந்துருச்சு."

அவள் மேலங்கிப் பையிலிருந்து ஒரு பிடி கல்லுப்பை எடுத்து என் ஈரக் கையில் வைத்தாள்.

"குடுங்க. கூப்பிட்டீங்கல்ல."

பந்தோரா நாக்கை நீட்டினாள். அதற்குள் மூஷ் தலையை நுழைத்தது. முட்டக்கூட இல்லை, சும்மா ஒரு பார்வைதான். பந்தோரா ஓரடி பின்னால் போய் இடம் விட்டாள். என் கையில் மூஷின் சொரசொரப்பான நாக்கு உப்பை வழித்துக்கொண்டிருந்தது. பின்னால் நின்ற பந்தோரா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.