துடைக்கக் கூடாத மருந்து

இனிப்பு வைத்து எறும்பை ஒழிக்கலாம் என்ற பேச்சே ஆதிகேசவனுக்குப் பிடிக்கவில்லை. விரட்ட வேண்டியதை யாராவது விருந்து வைத்துக் கூப்பிடுவார்களா?

மகள் வீணா காக்ஸ் டவுனிலிருந்து அதற்கென்றே வந்திருந்தாள். ஊசி போட வைத்திருப்பது போல ஒரு குழாய். அதை அழுத்தி, அடுப்பு மேடை மூலையில் தேன் மாதிரி ஒரு சொட்டு வைத்தாள். ஜன்னல் விளிம்பில் இன்னொன்று.

"எறும்பு இதப் புத்துக்கு எடுத்துட்டுப் போயி உள்ள இருக்கறதுக்கும் ஊட்டும்பா. அப்புறம் எல்லாம் மொத்தமாப் போயிரும். மொதல்ல நெறைய வரும். தொடைக்காதே. பினாயில் ஊத்தாதே. சும்மா வுட்டுடு."

"விக்கிறவன் அப்படித்தான் சொல்லுவான். நெறைய வந்தாலும் மருந்து வேலை செய்யுதும்பான், வரலைன்னாலும் வேலை செய்யுதும்பான்."

"ஆமா, ஊர்ல இருக்கறவங்க எல்லாம் உன்ன ஏமாத்தத்தான் பொறந்திருக்காங்க."

வீணா அம்மாவின் கட்டிலருகே போனாள். பக்கவாதம் வந்து எல்லம்மாவுக்கு வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. கண்ணாலும் இடது கையாலும் சொல்வதுதான் பேச்சு. வீணா அந்த வலக்கையைத் தூக்கிப் பார்த்தாள். முழங்கையருகே சிவப்புச் சிவப்பாய்த் தடிப்புகள்.

"இந்தக் கைல வலியே தெரியாதுப்பா. எறும்பு கடிச்சாலும் அம்மாவுக்குத் தெரியப் போறதில்ல. இன்னொரு வாட்டி இப்படிப் பாத்தேன்னா வயசானவங்களப் பாத்துக்கற ஹோம்ல சேத்துடுவேன். சொல்லிட்டேன்."

"நான் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப அவ எதுக்கு ஹோமுக்குப் போவணும்?"

வீணா ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மூட்டை தூக்கிப் பிழைத்தவர் ஆதிகேசவன். பெங்களூர் தொம்மலூரில் ஓர் அறையும் சமையல் மூலையுமாக இருந்த அந்த வீட்டில், எல்லம்மாவைத் தூக்கி உட்கார வைப்பதும் கழுவித் துடைப்பதும் ராகிக் கஞ்சி ஊட்டுவதும் அவர்தான். அவள் உருண்டு விழாதபடி கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தார். நான்கு கால்களுக்கும் கிண்ணத்தில் தண்ணீர் வைத்திருந்தார். இதற்கு மேல் என்ன வேண்டும்?

மறுநாள் காலையில் அடுப்பு மேடையில் அந்தச் சொட்டே கண்ணுக்குத் தெரியவில்லை. அதைச் சுற்றி எறும்பு மொய்த்துக் கிடந்தது. ஜன்னலிலிருந்து மேடை வரை கறுப்புக் கயிறு கட்டியது போல வரிசை.

"பாத்தியா எல்லம்மா, காசு குடுத்து எறும்பு வாங்கியாந்திருக்கா உம் பொண்ணு."

ஈரத்துணியை எடுத்தார். எல்லம்மா இடது கையைத் தூக்கி ஆட்டினாள். மகள் சொன்னதெல்லாம் அவள் காதிலும் விழுந்திருந்தது.

"நீயும் அவ கட்சியா?" என்றார். இரண்டு சொட்டையும் வழித்துத் துடைத்தார். வரிசை மேல் பினாயிலை ஊற்றினார். சாயங்காலம் வரை ஓர் எறும்புகூடக் கண்ணில் படவில்லை. அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார்.

விடிந்து எழுந்தபோது எல்லம்மா விழித்துக்கொண்டு அவரையே பார்த்துக் கிடந்தாள். பாதை கெட்ட எறும்புகள் சுவர் வழியாக இறங்கியிருந்தன. படுக்கை விரிப்பு சுவரைத் தொட்டுக்கொண்டிருக்க, கிண்ணத்துத் தண்ணீர் என்ன செய்யும்? வலக்கை தோள் வரை எறும்பு மொய்த்துக் கறுத்துக் கிடந்தது. அவளுடைய இடது கை விரல்களில் நசுங்கிய எறும்புகள் ஒட்டியிருந்தன. அவர் குறட்டை விட்டுக்கொண்டிருக்க, எவ்வளவு நேரமாகத் தட்டிக்கொண்டிருந்தாளோ.

அவள் கையைக் கழுவித் துடைத்துவிட்டு அவரே வீணாவுக்குப் போன் போட்டார். "வந்து பாரு" என்றார்.

அடுகோடியைத் தாண்டி ஒரு ஹோமில் எல்லம்மாவைச் சேர்த்தார்கள். வீட்டுக்கு வந்த ஆதிகேசவன் அலமாரியிலிருந்து அந்தக் குழாயைத் தேடி எடுத்தார். மகள் வைத்த அதே இடங்களில் வைத்தார். எறும்பு மொய்த்தது. கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாளாக ஆக வரிசை மெலிந்தது. பிறகு ஒரு நாள் ஒன்றும் வரவில்லை.

"எறும்பு போயிடுச்சு வீணா. அவளக் கூட்டியாந்துடலாம்."

"எறும்பு மட்டுமில்லப்பா. நீ தூங்கிட்டா யாரு பாப்பாங்க?"

அவர் போனை வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை, குழாயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஹோமுக்குப் போனார். எதற்கு எடுத்துப் போனார் என்று அவருக்கே தெரியாது. எல்லம்மாவின் கட்டில் அங்கேயும் சுவரோரம். ஜன்னல் சட்டத்தில் மெல்லியதாய் ஓர் எறும்பு வரிசை.

அவசரமாகப் போனை எடுத்தார். உன் ஹோம் லட்சணத்தைப் பார் என்று மகளிடம் சொல்லிவிடலாம். அம்மாவை இன்றைக்கே அழைத்துப் போகலாம். எல்லம்மாவின் இடது கையைப் பார்த்தார். விரல்கள் சுத்தமாக இருந்தன; நசுங்கிய எறும்பு ஒன்றுகூட ஒட்டியிருக்கவில்லை. போனைப் பைக்குள் போட்டுவிட்டு, சட்டத்தின் கடைக்கோடியில், அவளுக்கு எட்டாத இடத்தில், ஒரு சொட்டு வைத்தார்.

ஆயா மமதா எட்டிப் பார்த்தாள். "என்ன தாத்தா, எறும்புக்குப் பாயசமா?"

"பாயசந்தான். நாளைக்கு நெறைய வரும். தொடைக்காதம்மா. பினாயிலும் ஊத்தாத."

"நெறைய வருமா? யார் சொன்னாங்க?"

"எம் பொண்ணு."

மமதா நம்பாமல் பார்த்தாள். "சரி, இந்தக் கட்டிலக் கொஞ்சம் சுவத்தவுட்டுத் தள்ளிப் போடலாம், ஒரு கை குடு" என்றார் ஆதிகேசவன். இருவருமாக இழுத்துப் போட்டார்கள். விரிப்பின் ஓரத்தைச் சுருட்டி மெத்தைக்கடியில் செருகினார்.

பார்வையாளர் நேரம் முடிந்தது. எழுந்தபோது எல்லம்மாவின் இடது கை அவர் சட்டை நுனியைப் பிடித்திருந்தது. மமதா கதவருகே காத்திருந்தாள். அவர் குனிந்து, ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டார்.