கால்வாய்ப் பள்ளிச் சீருடை

தேக்காவில் சலவைக்கடை வைத்திருந்த மருதப்பனுக்குப் படிப்பு அதிகம் கிடையாது. ஆனால் பள்ளிக்கூடங்களை எடைபோடுவதில் தன்னை மிஞ்ச ஆள் இல்லை என்று அவருக்கு ஓர் எண்ணம். வட்டாரத்தில் இருந்த இரண்டு அரசு உயர்நிலைப்பள்ளிகளின் சீருடைகளும் அவர் கடைக்குத்தான் வரும். மேட்டுப் பள்ளிக்கூடத்துப் பெண்களின் உடையைத் துவைக்கவே வேண்டியதில்லை, அவ்வளவு சுத்தம். கால்வாய் ஓரத்துப் பள்ளிக்கூடத்து உடையிலோ இடுப்புக்குக் கீழே பொட்டுப் பொட்டாக ஓட்டை. "வேலி ஏறிக் குதிக்கிற கூட்டம்" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் எடுத்துக்காட்டித் தீர்ப்புச் சொல்வார். ஒருவரும் மறுத்துப் பேசியதில்லை. துணி நேரத்துக்குக் கிடைக்க வேண்டுமே!

1963இல் அந்தத் தீர்ப்பு அவர் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. மகள் சந்திரமதி தொடக்கப்பள்ளியின் கடைசித் தேர்வான ஆறாம் வகுப்புத் தேர்வு எழுதியிருந்தாள். எந்த உயர்நிலைப்பள்ளி முதல் விருப்பம், எது இரண்டாவது என்று விண்ணப்பப் பாரத்தில் எழுதி, அப்பா கையெழுத்துப் போட வேண்டும்.

"அப்பா, எனக்குக் கால்வாய் ஸ்கூல்தான் வேணும். அங்கதான் சயன்ஸ் நல்லா இருக்காம்."

அவளுக்கு அந்தப் பித்துப் பிடித்ததே இந்தக் கடையில்தான். மஞ்சள் கறை பட்ட வேட்டியில் சவுக்காரம் போட்டால் கறை சிவந்து போகிறதே, ஏன் என்று எட்டு வயதில் கேட்டவள் அவள். "அது அப்படித்தான்" என்று மருதப்பன் சொன்ன பதில் அவளுக்கு அன்றுவரை போதவில்லை.

"யூனிஃபார்மையே ஒழுங்கா வச்சுக்கத் தெரியல. அவங்க என்னத்த சயன்ஸ் சொல்லித் தரப்போறாங்க?" என்று ஓட்டைச் சீருடை ஒன்றை உதறிக் காட்டினார் மருதப்பன். மேட்டுப் பள்ளியை முதலில் எழுதச் சொன்னார். எழுதினாள். அழுதிருந்தால்கூட அதட்டியிருப்பார். அவள் அழவில்லை, அதுதான் அவருக்கு ஒரு மாதிரி இருந்தது.

அவர் ஈரக்கை பட்டுப் பாரம் கசங்கிப்போனது. சலவைக்கடைக்காரர் வீட்டுக் காகிதம் கசங்கலாமா? கரி போட்ட இஸ்திரிப் பெட்டியை எடுத்து அழுத்தி ஒரு தேய்ப்புத் தேய்த்தார். பெட்டி பட்ட இடம் கொஞ்சம் பழுப்பேறியது. அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை சந்திரமதி பாரத்தைப் பள்ளிக்கு எடுத்துப்போய்விட்டாள். பதினொரு மணிக்கு, அத்தர் கடை ஒலி முகம்மதுவின் மகள் ஹலீமா துணி வாங்க வந்தாள். கால்வாய்ப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு, மத்தியான வகுப்பு.

"என்னம்மா, மறுபடியும் வேலி ஏறினியா?" என்று ஓட்டை விழுந்த அவள் சீருடையை எடுத்து நீட்டினார் மருதப்பன்.

ஹலீமா சிரித்துவிட்டாள். "வேலியா? இது ஆசிட் அண்ணே! லேப்ல தெறிச்சிடுச்சு. ஏப்ரன் போட மறந்துட்டேன், டீச்சர்கிட்ட ஏச்சு வேற."

"ஆசிட்டா? பள்ளிக்கூடத்துலயா?"

"ஆமாலா. நாங்களே ஊத்திக் கலந்து பாக்கணும்."

"அப்ப மேட்டு ஸ்கூல்ல?"

"அங்க இன்னும் லேப் கட்டலண்ணே. சயன்ஸ்லாம் புத்தகத்தோட சரி."

மருதப்பனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. உலகத்தில் தனக்குத் தெரிந்தது துணி ஒன்றுதான். அதிலேயே கோட்டை விட்டாயிற்று. பாரங்களைப் பன்னிரண்டு மணிக்குள் அனுப்பிவிடுவார்கள் என்று சந்திரமதி சொன்னது நினைவுக்கு வந்தது. கடையை மனைவி பாக்கியலட்சுமியிடம் விட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாக மகளின் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"பாரக் கட்டா? இப்பதான் வேன்ல போச்சு" என்றார் வகுப்பாசிரியர் முத்துசாமி.

மருதப்பன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "என் புள்ள வாய்விட்டுக் கேட்டா சார். நான்தான் கேக்கல." கண் கலங்கியதை அவர் மறைக்கக்கூட இல்லை.

"அட, எந்திரிங்க. உங்க பாரம் போகல." ஆசிரியர் மேசை இழுப்பறையிலிருந்து அதை எடுத்து நீட்டினார். "யாரு இதுக்கு இஸ்திரி போட்டது? ஸ்கூல் பேரு எழுதின இடமே கருகிக் கிடக்கு. அனுப்பினா ஆபீஸ்ல திருப்பிவிட்டுருவாங்க. புதுசா ஒண்ணு எழுதி வாங்கி, நாளைக்கு நானே கொண்டுபோய்க் குடுக்கலாம்னு வச்சிருந்தேன்."

"நான்தான் சார்! நான்தான் போட்டேன்!" என்று பரிசு வாங்கினவர் போலக் கத்தினார் மருதப்பன். வகுப்பிலிருந்த பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். சந்திரமதிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் புதுப் பாரத்தைக் கையில் கொடுத்து, "நீ கேட்டதையே எழுதும்மா" என்று அப்பா சொன்னதும் அவள் முகம் மலர்ந்தது. மருதப்பனுக்கு அப்போதுதான் மூச்சே ஒழுங்காக வந்தது. வழியெல்லாம் தெரிந்தவர் தெரியாதவர் அத்தனை பேருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டே கடைக்குத் திரும்பினார்.

கேட்ட பள்ளியே கிடைத்தது. சேர்ந்த மூன்றாம் மாதம் சந்திரமதி சீருடையில் ஓட்டையோடு வந்தாள். புத்தம் புது உடை போயிற்றே என்று பாக்கியலட்சுமி ஏசித் தீர்த்தாள். மருதப்பன் அந்த ஓட்டையை விரலால் தடவிப் பார்த்தார்.

"மஞ்சள் ஏன் செவக்குதுன்னு சொல்லிக் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்கப்பா."

"அப்ப எனக்கும் சொல்லு" என்று முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.