மூச்சு சரியாகட்டும்

"டோக்கன் போட்ட வண்டி வெயில்ல நிக்கும், தெரிஞ்சவன் வண்டி உள்ள போவும். மில்லுல நாம பாக்காததாடி—"

"மில்லு வேற, ஆஸ்பத்திரி வேற அண்ணி. டாக்டரம்மா சொன்னத நீங்களுந்தான—"

"எல்லாம் ஒண்ணுதான். நிக்கறவன் நின்னுக்கினேதான் இருக்கணும்."

வார்டுக்கு வெளியே வராந்தாவில் பவுலினும் அவள் புருஷனின் அக்கா பாக்கியமேரியும் ஒரே பாயில் உட்கார்ந்து சண்டை போட்டார்கள். இரண்டு பேருமே கரும்பு வெட்டுகிறவர்கள். முழங்கை வரைக்கும் கரும்புச் சோகை கிழித்த கீறல்கள்.

உள்ளே பவுலினின் புருஷன் ஸ்டீபன்ராஜ் கிடந்தான். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் ஒரு வாய்க்கால் ஓரத்தில் பாரம் ஏற்றிய டிரெய்லர் சாய்ந்தபோது, அவன் மேலே நின்று கயிறு இறுக்கிக்கொண்டிருந்தான். அவன் முதலில் விழுந்தான். கரும்பு அவன் நெஞ்சின்மேல் விழுந்தது. வலது தொடை எலும்பு முறிந்து இரண்டாகியிருந்தது. அந்தக் காலைக் கட்டி, கட்டிலுக்கு வெளியே எடை தொங்கவிட்டிருந்தார்கள். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்.

பக்கத்துக் கட்டில்காரர் பைக்கிலிருந்து விழுந்தவர். அவருக்கும் தொடைதான். ஸ்டீபன்ராஜுக்குப் பின்னால் வந்த அவரைக் காலையில் ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். சண்டை அதிலிருந்துதான் கிளம்பியது.

"அந்தாளு மச்சான் வக்கீலாம். தெரியுமா ஒனக்கு?"

"அவருக்கு நெஞ்சுல அடி இல்லியே."

"நீ பேசற பேச்சுக்கு நீயே ஊசி போடலாம்டி. டாக்டரு எதுக்கு?"

டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்தபோது பவுலின் எழுந்து பின்னாலேயே போனாள்.

"எங்களுக்கு எப்பங்க ஆபரேசன்?"

"அவருக்கு நுரையீரல்ல ரத்தம் கட்டியிருக்கும்மா. இப்போ தொடை எலும்புக்குள்ள ராடு அடிச்சா, உள்ள இருக்கிற கொழுப்பு ரத்தத்துல கலந்து நேரா நுரையீரலுக்குத்தான் போகும். ஏற்கெனவே அடிபட்ட நுரையீரல், அதைத் தாங்காது. முதல்ல மூச்சு சரியாகட்டும். அப்புறம் கால்."

"அதுக்குள்ள காலு கெட்டுப் போயிடாதுங்களா?"

"கெடாது. சும்மா போட்டு வெக்கலம்மா. தினம் பாத்துட்டுத்தான் இருக்கோம்."

"சும்மாதான போட்டு வெச்சிருக்காங்க," என்றாள் பாக்கியமேரி, டாக்டரம்மா அடுத்த வார்டுக்குப் போன பிறகு.

மத்தியானம் டிரெய்லர் சொந்தக்காரர் சக்கரபாணி ஆர்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார். கட்டில் ஓரம் தொங்கிய எடையைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"வெட்டின கரும்ப வயல்ல போட்டா இன்னா ஆவும் பவுலினு?"

"காஞ்சிபோவுங்க. எடை நிக்காது."

"கரும்புக்கே அப்பிடி. ஒடஞ்ச தொடைய இப்பிடிப் போட்டு வெச்சா?"

வெட்டியதை உடனே ஏற்றிவிடவேண்டும் என்றுதான் பவுலின் கை பழகியிருந்தது.

"திண்டிவனத்துல எனக்குத் தெரிஞ்ச நர்சிங் ஹோம் இருக்குது. இன்னிக்கே முடிச்சிடுவாங்க. செலவு என்னுது." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணே ஒண்ணு. டிரெய்லருக்கு இன்சூரன்ஸ் இல்ல. இவன் மாஸ்க்கு எடுத்துப் பேச ஆரம்பிச்சா போலீஸ்காரன் வாக்குமூலத்துக்கு வந்துடுவான். வண்டியத் தூக்கிட்டான்னா இந்த சீசனுக்கு ஒங்க செட்டு ஆளுங்க யாருக்கும் வேலை கெடையாது. அங்க கேட்டா பைக்ல விழுந்தான்னு சொல்லிடுங்க."

"கடவுளாப் பாத்து அனுப்பினது மொதலாளி," என்றாள் பாக்கியமேரி.

பவுலின் புருஷனிடம் குனிந்தாள். "இன்னா சொல்ற நீ?"

அவன் மாஸ்க்கை விலக்கினான். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கியது. "வலி தாங்கல. எங்கியாச்சும்… சீக்கிரமா… பண்ணச் சொல்லு."

எங்கள் விருப்பத்தில் கூட்டிப்போகிறோம் என்று பவுலின் கையெழுத்துப் போட்டாள். டாக்டரம்மா வாசல்வரை வந்தாள்.

"நெஞ்சுமேல கரும்பு விழுந்ததைக் கண்டிப்பா சொல்லணும். சொல்லுவீங்களா?"

"சொல்றங்க."

பேப்பர்களும் எக்ஸ்ரேவும் இருந்த பையைச் சக்கரபாணி வாங்கி வேனின் முன்சீட்டில் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். திண்டிவனத்தில் இறங்கும்போது அதை எடுக்கவில்லை.

"எப்படி அடிபட்டுது?" நர்சிங் ஹோம் டாக்டர் கேட்டார்.

"பைக் சார். ஸ்லிப்பாயிட்டான்," என்றார் சக்கரபாணி.

"ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

"நெஞ்சுல கூட—" என்று பவுலின் ஆரம்பித்தாள். பாக்கியமேரி அவள் மணிக்கட்டைப் பிடித்து இறுக்கினாள்.

"ஹேண்டில் பார் லேசா இடிச்சிருக்கு சார். வலியில அப்பிடி வாங்கறான்," என்றார் சக்கரபாணி.

டாக்டர் எழுதிக்கொண்டார்.

பொழுது சாயும்முன் ஆபரேஷன் முடிந்தது. டாக்டர் புது எக்ஸ்ரேவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எலும்பின் நடுவே ராடு கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது. பாக்கியமேரி நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"பாத்தியா? வக்கீலு மச்சான் இல்லாமலே முடிஞ்சிது."

பவுலினும் சிரித்தாள்.

மறுநாள் காலையில் ஸ்டீபன்ராஜ் அவளை யாரென்று தெரியாமல் பார்த்தான். உதடு நாவல்பழம் தின்றவன் உதடாக இருந்தது. விலா எலும்புகள் ஏறி இறங்கியும் காற்று உள்ளே போகவில்லை. இங்கே வென்டிலேட்டர் கிடையாது, பழைய இடத்துக்கே கொண்டுபோங்கள் என்றார்கள். பவுலின் சக்கரபாணிக்கு ஃபோன் போட்டாள். அந்தப் பக்கம் டிராக்டர் சத்தம் கேட்டது.

"மில்லுல எறக்கிக்கினு இருக்கறேன். நீங்க போங்க, பின்னாலயே வர்றேன்."

ஆம்புலன்ஸ் நின்ற இடத்துக்கே டாக்டரம்மா ஓடிவந்தாள். அவனை உள்ளே தள்ளிக்கொண்டு போய்த் தொண்டைக்குள் குழாய் இறக்கினார்கள். இரண்டு நர்சுகள் மாறி மாறிக் காற்றுப் பையை அமுக்கினார்கள். கட்டுப் போட்ட கால் விறைப்பாக, கோணலில்லாமல் கிடந்தது.

டாக்டரம்மா வெளியே வந்தாள். நெற்றியில் வியர்வை.

"நெஞ்சுல அடின்னு அங்க சொன்னீங்களாம்மா?"

பாக்கியமேரி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். பவுலின் புது எக்ஸ்ரே உறையை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"கால அங்கியே முடிச்சிட்டாங்க டாக்டரம்மா. நேரா உக்காந்திருக்குதாம், நீங்களே பாருங்க. மூச்சு மட்டுந்தான் பாக்கி. அத மட்டும் பாத்துக் குடுத்துடுங்க."