ரத்தினசாமி போட்ட தரை

ரத்தினசாமி மேஸ்திரி கட்டிய வீட்டில் எலுமிச்சம்பழம் கைதவறி விழுந்தால் கட்டிலுக்கடியில் குனிந்து தேடக் கூடாது. நேரே வாசலுக்குப் போய்விட வேண்டும்; பழம் அங்கே வந்து சேர்ந்திருக்கும். தரைக்கு அப்படி ஒரு வாட்டம் வைப்பார் மனிதர். குளியலறைக்குச் சாய்வு வைத்தால் நியாயம், மொட்டைமாடிக்கு வைத்தாலும் நியாயம். பூஜை அறைக்கு எதற்கய்யா? "கழுவி உட்டா தண்ணி நிக்காம ஓடோணுமுங்க" என்பார். மார்டள்ளி கிராமத்தில் கொத்தனார் கரண்டி பிடித்த நாளிலிருந்து பழகிய கை. கூலியைக் குறைக்கச் சொன்னாலும் குறைத்துக்கொள்வார், வாட்டத்தை மட்டும் குறைக்க மாட்டார்.

அவருடைய மகள்தான் தாரணி. நஞ்சன்கூட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. காலை ரயிலில் போய் மாலை ரயிலில் மைசூருக்குத் திரும்புவாள். வீட்டுக்குப் போகும் வழியில், அக்ரஹாரத்தில், நஞ்சுண்டசாமியின் பூல் பார்லர். பெண்பிள்ளை அங்கே போய் ஸ்டிக் பிடிப்பதை வீட்டில் யாரும் தடுக்கவில்லை. ஏனென்றால் அந்தக் கட்டடமும் மேஸ்திரி கட்டியது. "நம்ம கட்டடந்தானே, போய்ட்டு வரட்டும்" என்று ஒரு சலுகை.

போனவள் சும்மாவா இருந்தாள்? பச்சைத் துணி விரித்த மேசை, விளிம்பில் பந்து விழ ஆறு பாக்கெட், ஸ்டிக்கால் வெள்ளைப் பந்தைத் தட்டி மற்றப் பந்துகளை உள்ளே தள்ள வேண்டும், கடைசியாகக் கருப்புப் பந்தை முன்கூட்டியே சொன்ன பாக்கெட்டில் போட்டால் ஆட்டம் முடிந்தது. அவ்வளவுதான் விளையாட்டு. ஆனால் தாரணி தட்டினால் பந்து பாதி வழியில் உயிர் போனது மாதிரி நிற்கும். எதிரில் இருப்பவன் சிரிப்பான். அந்தப் பந்து மறுபடி மெல்ல ஊர்ந்து, ஜன்னலோரப் பாக்கெட்டில் தொப்பென்று விழும். சிரித்தவன் வாயை மூடிக்கொள்வான். நஞ்சுண்டசாமிக்குப் பெருமை தாங்காது. "நம்ம தாரணி கையில் ஏதோ மந்திரம் இருக்கு பாருங்க" என்று டீக்கடை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வருவார். தாரணியும் அதை நம்பினாள். அந்த வயதில் யார்தான் நம்பமாட்டார்கள்!

அந்த மந்திரத்தை எடுத்துக்கொண்டு முதல்முறையாக வெளியே ஆடப் போனாள். ஊரின் மறுபக்கம் ஒரு பெரிய கிளப், ஏசி போட்ட ஹால், எதிரில் சுசித்ரா. பல வருஷமாகப் பதக்கம் வாங்குகிறவள், முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல் ஆடுகிறவள். தாரணி தட்டினாள். பந்து பாதி வழியில் நின்றது. ஊரும் ஊரும் என்று பார்த்தாள்; ஊரவே இல்லை. மூலைக்கு அடித்தது விளிம்பில் முட்டியது, நடுவுக்கு அடித்தது ஓரத்தில் முட்டியது. ஒரு ஆட்டம்கூட எடுக்காமல் தோற்றுவிட்டு, கழிவறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். "என் கைக்கு என்ன ஆச்சு, என் கைக்கு என்ன ஆச்சு" என்று கையைப் பார்த்தே கேட்டுக்கொண்டிருந்தாள்.

சுசித்ராவுக்கும் சந்தேகம். இத்தனை நளினமாகத் தட்டுகிற பெண் ஏன் எல்லாவற்றையும் ஒரே பக்கமாக விலக்கி அடிக்கிறாள்? அந்த ஞாயிற்றுக்கிழமையே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அக்ரஹாரத்துக்கு வந்துவிட்டாள். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. வெள்ளைப் பந்தை மேசையின் நடுவில் வைத்துக் கையை எடுத்தாள். பந்து கொஞ்சம் யோசித்தது. பிறகு தானாகவே கிளம்பி, உருண்டு, ஜன்னலோரப் பாக்கெட்டில் போய் விழுந்தது.

நஞ்சுண்டசாமி அதை எடுத்து மறுபடி நடுவில் வைத்தார்; மறுபடியும் அதே பாக்கெட்.

"உன் கை இல்லை, உங்க மேசைதான் ஆடுது" என்றாள் சுசித்ரா. அவளும் தாரணியும் பேசுவது கன்னடம்தான். உங்களுக்காக நான் தமிழில் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

நஞ்சுண்டசாமி உடனே இரண்டு கையையும் தூக்கிவிட்டார். மேசை வாங்கினபோதே கால் திருகெல்லாம் துருப்பிடித்துப் போயிருந்ததாம், ஏற்றவும் முடியாதாம் இறக்கவும் முடியாதாம். "என்னை ஏன் பாக்கறே? தரை போட்டவரைக் கேளு!"

தாரணி வீட்டுக்கு வந்து கேட்டாள். கேட்டாளா, குதித்தாள். ரத்தினசாமி சோற்றில் கை வைத்தபடி நிமிர்ந்து பார்த்தார்.

"அது ஹாலுப்பா! பூல் ஆடற ஹாலு! அதுக்கு எதுக்கு வாட்டம் வெச்சே?"

"ஏங் கண்ணு, என்னைக்காச்சும் கழுவி உடமாட்டாங்களா?"

அதற்கு மேல் அந்த மனிதரிடம் என்ன பேசுவது! தாரணி இரண்டு நாள் அப்பாவிடம் பேசவில்லை. மூன்றாம் நாளிலிருந்து நஞ்சன்கூட்டில் ரயில் வரும்வரை கிடைக்கும் நேரத்தில், அங்கே ஒரு பார்லரில் நேரான மேசையாகப் பார்த்துப் பிடித்து, ஆனா ஆவன்னாவிலிருந்து தொடங்கினாள். கை மறக்க மறுத்தது. அவள் விடவில்லை. அடுத்த வருஷம் நஞ்சன்கூட்டில் ஜெயித்தாள், மண்டியாவில் ஜெயித்தாள், சாமராஜநகரில் ஜெயித்தாள். ஆனால் அவள் போகிற ஊருக்கெல்லாம் அந்தப் பேச்சு அவளுக்கு முன்னாலேயே பஸ் ஏறிப் போயிருந்தது. "அந்தக் கோணல் மேசைப் பொண்ணுதானே?" என்பார்கள். ஜெயித்த கோப்பையைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிடுவாள்.

கடைசியில் மண்டல இறுதி ஆட்டம் வந்தது. ஜெயித்தால் பெங்களூர், மாநிலப் போட்டி. எதிரில் யார் என்கிறீர்கள்? சுசித்ராவேதான். ஆட்டம் கிளப்பில் நடக்க இருந்தது. அதற்கு முந்தைய வாரம் அந்தப் பெருமைக்குரிய ஏசி ஒழுகி மேசைத் துணியெல்லாம் நனைந்து உப்பிவிட்டது. போட்டியை நடத்துகிற கமிட்டிக்காரர் வேறு இடம் தேடினார். நஞ்சுண்டசாமி முந்திக்கொண்டு, "நம்ம பார்லர் இருக்கே சார்!" என்றார். கமிட்டிக்காரரும் வந்து மேசையைச் சுற்றி ஒரு நடை நடந்து, டீ குடித்துவிட்டுத் தலையாட்டிவிட்டுப் போனார்.

தாரணி வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும், எனக்கும் தெரியும். ஆனால் பழைய மேசை, பழைய ஜன்னலோரப் பாக்கெட், எதிரில் தன் கையை மட்டம் தட்டியவள்! உள்ளுக்குள் ஒரு குறும்பு எட்டிப் பார்த்துச் சிரித்தது. சுசித்ரா மட்டும் லேசுப்பட்டவளா? இடம் முடிவான மறுநாளே வேறொரு பார்லரில் மேசைக் கால்களுக்கடியில் அட்டையை மடித்து வைத்துச் சாய்த்து, வளைந்து போகிற பந்தை அடித்து அடித்துப் பழகிக்கொண்டிருந்தாள். அவளும் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஆட்டத்துக்கு முந்தைய இரவு சாப்பிடும்போது தாரணியின் சிரிப்பு போய்விட்டது. தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னாள்: "நாளைக்கு ஜெயிச்சாலும் தரைதான் ஜெயிச்சதும்பாங்க. தோத்தா, அந்தத் தரையிலயும் தோத்தாளேம்பாங்க. என் கைன்னு யாருமே சொல்லப் போறதில்ல."

ரத்தினசாமி மோரை ஊற்றிக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் பார்லரில் நிற்க இடமில்லை. ஒன்பது ஆட்டம், முதலில் ஐந்து எடுப்பவருக்கு வெற்றி. தாரணி வழக்கம்போல் மெல்லத் தட்டினாள். பந்து பாதி வழியில் நின்றது. அவள் புன்னகையோடு காத்திருந்தாள். பந்தும் காத்திருந்தது. ஊரவில்லை. சுசித்ரா வந்தாள், பழகி வைத்திருந்த சாய்வைக் கணக்குப் பண்ணி ஒதுக்கி அடித்தாள். அதுவும் பாக்கெட்டுக்கு நல்ல தூரத்தில் போய் முட்டியது. மண்டலத்திலேயே பெரிய இரண்டு ஆட்டக்காரிகள் மாற்றி மாற்றிக் கோட்டை விடுவதைப் பார்த்துக் கூட்டம் முணுமுணுத்தது.

தாரணி நிமிர்ந்தாள். கூட்டத்தின் பின்வரிசையில் அப்பா நின்றிருந்தார். நகக்கண்ணெல்லாம் சிமெண்ட். மகள் பார்த்ததும் ரொம்ப அக்கறையாக ஃபேனைப் பார்க்கத் தொடங்கினார்.

அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அடப்பாவி அப்பா! விடியற்காலையில் ஜாக்கியும் ஓட்டுச் சில்லும் எடுத்துக்கொண்டு வந்து, பார்லரைக் கூட்டிப் பெருக்குகிற பெண்ணிடம் சாவி வாங்கி, மேசையை மட்டம் பண்ணிவிட்டுப் போயிருக்கிறார்.

நேரான மேசை என்றால் நேராக அடித்தால் போயிற்று. தாரணி அடித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று ஆட்டம் வரிசையாக அவளுக்கு. சுசித்ரா இன்னும் இல்லாத சாய்வுக்கு அடித்துக்கொண்டிருந்தாள். பாவம், அவ்வளவு பழகியிருந்தாள். மூன்றாவது ஆட்டம் போனதும் சுசித்ரா சுவர்ப்பக்கம் திரும்பி நின்று தன் உள்ளங்கையைப் பார்த்தாள். "என் கைக்கு என்ன ஆச்சு?" என்று முணுமுணுத்தது தாரணிக்குக் கேட்டது.

அந்த ஒரு வார்த்தை தாரணியைக் குத்திவிட்டது. கழிவறைக் குழாயின் சத்தம் காதில் வந்தது. பேசாமல் இருந்தால் இன்னும் இரண்டே ஆட்டம், பிறகு பெங்களூர். பேசாமல் இருந்தால் இதையும் தரைதான் ஜெயித்துக் கொடுத்தது. அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

"அக்கா, மேசை நேரா இருக்கு. நீங்க சாய்வு பாத்து அடிக்கறீங்க."

சுசித்ரா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நாடகம் போடறியா? என்னைக் குழப்பிவிட்டு ஜெயிக்கப் பாக்கறே!"

"அய்யோ, நிஜமாத்தான்!"

"சும்மா இரு."

நல்லது சொன்னால் யார் நம்புகிறார்கள்! தாரணி கூட்டத்தைப் பார்த்து, "அப்பா! ரசமட்டத்த எடுத்துட்டு வா!" என்று கத்தினாள்.

ஹாலே திரும்பியது. ரத்தினசாமி பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு, அழைக்காத கல்யாணப் பந்தியில் பிடிபட்டவர் மாதிரி நெளிந்துகொண்டே வந்தார். பச்சைத் துணிமேல் வைத்தார். கண்ணாடிக்குள் இருந்த குமிழி இரண்டு கோட்டுக்கும் நட்டநடுவில் போய் நின்றது. சுசித்ரா குனிந்து பார்த்தாள், கமிட்டிக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"மேசையில் கை வைத்தது யார்?" என்றார் கமிட்டிக்காரர், முகம் சிவந்து.

"நாந்தானுங்க. தரையக் கோணலாப் போட்டதும் நாந்தான், மேசைய நேராக்குனதும் நாந்தான். என்ற மவளுக்கு ஒண்ணுந் தெரியாதுங்க."

கமிட்டிக்காரர் யோசித்தார். மேசையைக் கெடுத்தால் தண்டிக்கலாம். சரி பண்ணியவரை என்ன செய்வது? அதுவும், முன்னால் கோணலாக இருந்ததைத் தான் டீ குடித்துவிட்டுத் தாண்டிப் போனது வெளியே வந்துவிடுமே! "ஆட்டம் தொடரட்டும்" என்று சொல்லிவிட்டார்.

"முதல்ல இருந்து ஆடலாம் சார். அந்த மூணையும் எடுத்துடுங்க" என்றாள் தாரணி.

"அய்யோ கடவுளே!" என்று நஞ்சுண்டசாமி நெற்றியில் அடித்துக்கொண்டார். ரத்தினசாமி மகளைப் பார்த்த பார்வையில் பாதி பெருமை, பாதி திகில்.

இப்போது சுசித்ரா சுசித்ராவாகிவிட்டாள். முதல் இரண்டு ஆட்டத்தை மூச்சு விடுவதற்குள் எடுத்தாள். தாரணி ஒன்று, இன்னொன்று என்று பிடித்துவந்தாள். ஆளுக்கு நான்கு என்று ஆனபோது டீ கொண்டுவந்த ஆள்கூட டிரேயை இறக்காமல் நின்றுவிட்டான். கடைசி ஆட்டத்தில் தாரணிக்குக் கருப்பு மட்டும் பாக்கி. ஜன்னலோரப் பாக்கெட்டை மறைத்துக்கொண்டு சுசித்ராவின் பந்து ஒன்று உட்கார்ந்திருந்தது. திறந்து கிடந்தது ஒன்றே ஒன்று, அதற்கு நேரெதிர் மூலை, கதவோரப் பாக்கெட். அந்த மேசை அங்கே வந்த நாளிலிருந்து மெல்லத் தட்டின பந்து எதுவும் அதற்குள் போனதில்லை. நேற்றுவரை அது மேட்டுப் பக்கம். போகிற பந்து திரும்பிவிடும்.

"கதவோரம்" என்றாள் தாரணி.

கூட்டம் "உஸ்" என்றது. ஓங்கி அடி, ஓங்கி அடி என்று அவளுடைய பழைய கை கெஞ்சியது. அவள் அதன் பேச்சைக் கேட்கவில்லை. குனிந்தாள், மெல்லத் தட்டினாள். வெள்ளை போய்த் தொட்டது, கருப்பு கிளம்பியது. உருண்டது, தளர்ந்தது, விளிம்புக்கு வந்தது, அங்கே ஒரு கணம் எட்டிப் பார்த்தது. ரத்தினசாமி கண்ணை மூடிக்கொண்டார். பந்து உள்ளே விழுந்தது.

விழுந்த சத்தம்கூட மொத்தென்றுதான் கேட்டது. நஞ்சுண்டசாமி கைவிட்டு எடுத்தபோது பந்தோடு ஒரு குப்பை பெப்பர்மிண்ட் காகிதமும், பழைய பஸ் டிக்கெட்டும், பல் போன சீப்பு ஒன்றும் வந்தன. பந்தே வராத பாக்கெட்டை யார் சுத்தம் செய்வார்கள்!

விசிலும் கைத்தட்டலுமாக ஹால் அதிர்ந்தது. தாரணி சிரிக்கவா அழவா என்று தெரியாமல் நின்றாள். ரத்தினசாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, மகளின் காதோரம் குனிந்து, குற்றவாளி மாதிரி மெதுவாகச் சொன்னார்.

"கண்ணு, கோவிச்சுக்காத. அந்தக் கதவோரத்துக்கு ஒரே ஒரு நூலு வாட்டம் வெச்சுட்டேன். பழகுன கையி, கேக்கல."

தாரணி அப்பாவின் கையிலிருந்து ரசமட்டத்தைப் பிடுங்கினாள். மேசையில் நீளவாக்கில் வைத்தாள், குறுக்காக வைத்தாள், கதவோர மூலையைப் பார்த்து வைத்தாள். குமிழி நடுவை விட்டு ஒரு மயிரிழை நகரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் ரத்தினசாமி வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா!" என்று அவர் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். சட்டையில் ஐந்து விரலும் ஸ்டிக் நுனியில் தேய்க்கிற நீலச் சாக்பீஸ் தூளில் பதிந்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

சுசித்ரா பக்கத்தில் வந்து, தானும் ஒருமுறை குனிந்து குமிழியைப் பார்த்தாள். பிறகு தாரணியின் கையை எடுத்துக் குலுக்கி ஒரு வார்த்தை சொன்னாள். இதை மட்டும் நான் தமிழில் மாற்றப் போவதில்லை, உங்களுக்கே புரியும்.

"நின்ன கைனே கணே!"