பந்துக்குப் பின்னால் நிற்பவள்

சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் மீன்காரர் வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தபோது சங்கீதாவின் கைப்பேசி அதிர்ந்தது. அனுப்ரியா. ஏழு வருடங்களாக அந்தப் பெயர் தீபாவளி வாழ்த்தாகவும் பிறந்தநாள் வாழ்த்தாகவும் மட்டுமே வந்துகொண்டிருந்தது. அழைப்பாக வந்ததில்லை.

"சங்கீ, புதன்கிழமை லீவு போட முடியுமா?"

எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. நேற்று விட்ட இடத்திலிருந்து தொடர்வதைப் போலப் பேசினாள்.

"ஏன்?"

"அஸ்மத்துக்கு முதுகு பிடிச்சுக்கிச்சு. பை தூக்க ஆள் இல்ல. மேஜருக்கு குவாலிஃபையர் டி. ஒரே ஒரு இடம்."

"நான் கோல்ஃப் மட்டையைத் தொட்டே ஏழு வருஷம் ஆச்சு லா."

"நீ அடிக்க வேணாம். பாத்துச் சொல்லு, போதும்."

மீன் பையை வாங்கிக்கொண்டு அம்மா மங்களம், "யாரு?" என்றாள்.

"அனு. கோல்ஃப் போட்டி. என்னைக் கேடியா வரச் சொல்றா."

"எம்.எஸ்சி. படிச்சுட்டு கேடியா? நல்ல உத்தியோகம்."

மீன்காரர் சிரித்தார். கோல்ஃப் ஆட்டக்காரரின் பையைச் சுமந்துகொண்டு, தூரமும் காற்றும் கணித்துச் சொல்லியபடி கூடவே நடப்பவருக்கு அதுதான் பெயர் என்று சங்கீதா விளக்க வேண்டியதாயிற்று. அம்மா அதோடு விடவில்லை.

"ஜெயிச்சா என்ன குடுப்பாங்க?"

"இன்னொரு போட்டியில ஆட விடுவாங்க."

"அவ்வளவுதானா?"

"அது மேஜர்மா. பொம்பளைங்களுக்கு வருஷத்துக்கு அஞ்சுதான். நாலு நாள் நடக்கும். ரெண்டு நாள் முடிஞ்சதும் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"பாதிச் சாப்பாட்டுல எழுப்பி விடுறதா? அதுக்கா இந்தப் பறப்பு?"

சங்கீதா, வீடு இருக்கும் ஈசூனுக்குத் திரும்பும் ரயிலிலேயே விடுப்புக்கு எழுதிவிட்டாள்.

பதினைந்து வயதிலிருந்து பதினெட்டு வயது வரை அவர்கள் இருவரும் ஒரு ஜோடி. ஒரே பந்தை இரண்டு பேர் மாறி மாறி அடிக்கும் ஆட்டவகை ஒன்று கோல்ஃபில் உண்டு. அனு அடித்த பந்து எங்கே விழுகிறதோ அங்கிருந்து சங்கீதா அடிக்க வேண்டும். சங்கீதா விட்ட இடத்திலிருந்து அனு. ஒருத்தி செய்த தவறுக்குள் இறங்கி நின்றுதான் மற்றவள் ஆட வேண்டும். ஸாரி சொல்லக் கூடாது என்பது அவர்களுக்குள் ஒப்பந்தம். அனுவுக்குத் தோளில் பலம், சங்கீதாவுக்குக் கண்ணில். குழியைச் சுற்றியிருக்கும் புல்தரை எந்தப் பக்கம் சரிகிறது என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். அனு பந்தின் மேல் குனிந்து நிற்பாள். சங்கீதா பந்துக்கு நேர் பின்னால் குந்தி உட்கார்ந்து, "கொஞ்சம் வலது... ம், போதும்," என்பாள். அனுவின் கால் அரை அங்குலம் நகரும். அதன் பிறகுதான் பந்து உருளும்.

2018இல் அனு தொழில்முறை ஆட்டக்காரியானாள். சங்கீதா பல்கலைக்கழகம் போனாள். சண்டை ஒன்றும் இல்லை. சண்டை இருந்திருந்தால் சமாதானம் என்று ஒன்றாவது இருந்திருக்கும். சங்கீதாவின் கோல்ஃப் பை வீட்டில் சாமான் போட்டுவைக்கும் பாம் ஷெல்டர் அறையில் அரிசி மூட்டைக்கும் அலுமினிய ஏணிக்கும் பின்னால் போனது. இப்போது அவளுக்குக் கிளமெண்டியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. மேசையில் ஒரு சொட்டு சிந்தினால், துடைப்பதற்கு முன் அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பாள். சுத்தத்தில் அவ்வளவு அக்கறை என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கே வெக்கையாக இருந்தது. நாற்பத்திரண்டு பெண்கள், ஒரே நாள், பதினெட்டுக் குழிகள். குறைந்த அடிகளில் முடிப்பவளுக்கு ஐரோப்பாவில் ஜூலையில் நடக்கும் மேஜரில் இடம். இரண்டாவதாக வருபவள் முதல் ரிசர்வ். யாராவது கடைசி நேரத்தில் விலகினால் மட்டும் ஆடலாம். போட்டி அதிகாரி ரெங்கசாமி கேடிகளுக்கு ஒரு பக்க விதித்தாள் கொடுத்தார். சங்கீதா அதை இரண்டு முறை படித்து, மடித்துப் பையில் வைத்தாள்.

முதல் மூன்று குழிகள் வரை இருவரும் தூரங்களைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. நான்காவதில் அனு திரும்பிப் பார்த்தாள்.

"உன் நடை மாறவே இல்ல. அதே வாத்து."

"இருபது கிலோவை உன் தோள்ல வச்சு நடந்து பாரு, தெரியும்."

"அதுல பாதி நீ கொண்டுவந்த தண்ணி லா."

"நீ குடிச்சா குறையும்."

அனு சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு ஆட்டம் தளர்ந்து, இயல்பாக ஓடத் தொடங்கியது. சங்கீதா சரிவைச் சொன்னாள். பந்து அந்த வழியில் போனது. பன்னிரண்டாவது குழியை முடித்துவிட்டு நடக்கும்போது அனு கையுறையைக் கழற்றியபடி, யாரிடமோ சொல்வதைப் போலச் சொன்னாள்:

"இடம் கெடச்சா நீதான் வர்ற. அஸ்மத்துகிட்ட நான் பேசிக்கறேன். இப்பவே ரெண்டு வாரத்துக்கு லீவு எழுதிக் குடு."

சங்கீதா பையின் பட்டையை மறு தோளுக்கு மாற்றினாள். பை இருந்ததாகவே தெரியவில்லை.

பதினேழாவது குழியில் அனுவுக்குப் பன்னிரண்டு அடி தூரம் பந்தை உருட்ட வேண்டியிருந்தது. இருவரும் சேர்ந்து சரிவைப் பார்த்தார்கள். கூட ஆடிய கோயம்புத்தூர்ப் பெண் சுஷ்மிதா ஓரமாக நின்று, முதுகைக் காட்டியபடி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கேடி ரியாஸ் மணல் குழியைச் சமன் செய்துகொண்டிருந்தான். அனு முன்னால் போய்ப் பந்தின் மேல் குனிந்தாள். கால்களை ஊன்றினாள். சங்கீதா உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். பந்து, அனுவின் பழைய தழும்பு உள்ள கணுக்கால், அதற்கு அப்பால் குழி. எல்லாம் ஒரே கோட்டில். பதினேழு வயதில் பார்த்த அதே கோடு.

"கொஞ்சம் வலது... ம், போதும்."

கால் அரை அங்குலம் நகர்ந்தது. பந்து உருண்டு, யோசித்து, விழுந்தது. அந்தக் குழிக்கு மொத்தம் நான்கு அடிகள். ஏழு வருடங்களில் சங்கீதாவுக்கு இவ்வளவு நிறைவு வந்ததில்லை.

கடைசிக் குழியில் சுஷ்மிதாவின் முறை. ரியாஸ் அவள் பின்னால் குந்தியிருந்தான். சுஷ்மிதா காலை முன்னே எடுத்து வைத்ததும் சூடு பட்டவனைப் போலத் துள்ளி ஓரமாக ஓடினான். சங்கீதாவின் கை மடித்து வைத்த தாளுக்குப் போனது. விதித்தாளின் நான்காவது வரி. ஆட்டக்காரர் கால் ஊன்றத் தொடங்கிவிட்டால் கேடி பந்துக்கு நேர் பின்னால் நிற்கக் கூடாது. ஆட்டக்காரர் அடிக்காமல் விலகிவிட்டால் குற்றமில்லை. விலகாமல் அடித்தால் அபராதமாகக் கணக்கில் இரண்டு அடி கூடும். இந்த விதி வந்தது 2019இல். அவள் ஆட்டத்தை விட்டுப் போன மறு வருடம். காலையில் இரண்டு முறை படித்திருந்தாள். அவளுடைய முழங்கால்கள் படிக்கவில்லை.

அனு அறுபத்தொன்பது அடிகளில் முடித்தாள். மதிப்பெண் பலகையில் அடுத்த பெயர் சுஷ்மிதா, எழுபது. மற்றவர்கள் எல்லாரும் வெகு பின்னால். அனு சங்கீதாவின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, மதிப்பெண் அட்டையைச் சரிபார்க்கக் கூடாரத்துக்குள் போனாள்.

கோல்ஃபில் ஒருவர் கணக்கை மற்றவர்தான் எழுதுவார். சுஷ்மிதா அனுவின் எண்களைக் குழி குழியாகப் படிக்கும் குரல் வெளியே கேட்டது. அது முடிந்ததும் அனு கையெழுத்திடுவாள். கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது. யாரும் பார்க்கவில்லை. யாரும் கேட்கப் போவதில்லை. சங்கீதா வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். ஜூலையில் விமானம், இரண்டு வாரம், ஒவ்வொரு காலையும் அந்தப் பை. அவள் அதை முழுதாக ஒரு முறை நினைத்துப் பார்த்தாள். அதிகாலைப் பனி படர்ந்த புல்லைக்கூட.

"பதினஞ்சு, நாலு. பதினாறு, மூணு. பதினேழு, நாலு..."

சங்கீதா கூடாரத்துக்குள் நுழைந்தாள்.

"பதினேழு நாலு இல்ல," என்றாள். அட்டையின் அந்தக் கட்டத்தில் விரலை வைத்தாள். "ஆறு."

ரெங்கசாமி கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா சொல்றீங்க?"

"அவ கால் ஊன்றினப்பறமும் நான் பின்னாடியே இருந்தேன் சார். இருந்து திசையும் சொன்னேன். பழைய பழக்கம்."

சுஷ்மிதா அட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ரெங்கசாமி அனுவின் பக்கம் திரும்பினார். "நீங்க பாத்தீங்களா?"

அனுவின் பேனா மூடி திறந்திருந்தது. அவள் அதை மெதுவாக மூடினாள்.

"பாக்கல சார். கேட்டுச்சு. பின்னாலருந்துதான் கேட்டுச்சு."

சுஷ்மிதா நான்கின் மேல் கோடு போட்டு ஆறு என்று எழுதினாள். கூட்டினால் எழுபத்தொன்று. அனுவின் பெயர் பலகையில் ஓர் இடம் கீழே இறங்கியது. முதல் ரிசர்வ்.

பேருந்து நிறுத்தம் வரை இருவரும் நடந்தார்கள். பையை அனுவே சுமந்தாள். சங்கீதா கேட்டும் கொடுக்கவில்லை. நிறுத்தத்தில் சங்கீதாதான் தொடங்கினாள்.

"ஸா—"

"சொல்லக் கூடாது."

"சரி. கேட்டுச்சுன்னா ஏன்டி விலகல? விலகியிருந்தா ஒண்ணுமே இல்லையே. நூறு தடவ படிச்ச விதி உனக்கு."

அனு சாலையைப் பார்த்தாள். பேருந்து தொலைவில் சிக்னலில் நின்றது.

"சரியா இருந்துச்சு," என்றாள். "ஏழு வருஷமா எவன் எவனோ பக்கத்துல நின்னு சொல்றான். எதுவும் அப்படிக் கேக்கல. விலகத் தோணல."

"அனு..."

"நீ உள்ள வராம இருந்தா நான் சைன் பண்ணிருப்பேனான்னு மட்டும் கேக்காத."

அனுவின் பேருந்து வந்தது. பை உள்ளே நுழைய மறுத்ததால் ஓட்டுநர் முணுமுணுத்தார். அனு படியில் நின்றபடி திரும்பி, "தண்ணி எல்லாம் தீந்துடுச்சு, பாத்தியா, பை லேசாதான் இருக்கு," என்றாள். கதவு மூடியது.

அதன் பிறகு ஐந்து வாரங்கள் ஒரு செய்தியும் இல்லை. சங்கீதா பாம் ஷெல்டரிலிருந்து தன் பையை வெளியே எடுத்துத் துடைத்து, திரும்ப அதே இடத்தில் வைத்தாள்.

முதல் ரிசர்வ் போட்டி நடக்கும் இடத்துக்கே போய்க் காத்திருக்க வேண்டும். முதல் நாளின் கடைசிக் குழு கிளம்பும்வரை யாராவது விலகக்கூடும். யாரும் விலகவில்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். அனு சொந்தச் செலவில் போயிருந்தாள், முதுகு தேறிய அஸ்மத்தோடு. அதைச் சங்கீதா இணையத்தில்தான் தெரிந்துகொண்டாள்.

கடைசிக் குழு கிளம்பும் நேரம் சிங்கப்பூரில் வியாழன் மாலை ஏழு இருபது. வேலை முடிந்து வந்த சங்கீதா வீட்டுக்கு ஏறிப் போகாமல் தன் அடுக்குமாடி புளோக்கின் கீழே கல்மேசை ஓரமாக உட்கார்ந்தாள். ஏழு பத்து. ஏழு இருபது. கைப்பேசியில் பட்டியலைப் புதுப்பித்தாள். எல்லாப் பெயர்களும் அப்படியே இருந்தன. யாருக்கும் காய்ச்சல் வரவில்லை, யாருக்கும் கை சுளுக்கவில்லை. யாருக்காவது வர வேண்டும் என்று தான் எவ்வளவு நினைத்திருந்தாள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

ஏழு நாற்பதுக்குக் கைப்பேசி அதிர்ந்தது. காணொளி அழைப்பு. முகம் தெரியவில்லை. முதலில் வானம், பிறகு யாருடைய பையோ, பிறகு படம் ஆடி ஆடி நின்றது. தரையோடு தரையாக, புல். அந்தப் புல்லுக்கு நடுவில் ஒரு வெள்ளைப் பந்து. பந்துக்கு அப்பால் தூரத்தில் ஒரு குழி.

"தெரியுதா?" அனுவின் குரல்.

"எங்க இருக்க?"

"பயிற்சிப் புல்தரை. ஒரு ஆள் இல்ல. எல்லாரும் ஆடப் போய்ட்டாங்க. இங்க விதி கிடையாது. எவனும் வந்து கேக்க மாட்டான்."

சங்கீதா கைப்பேசியைக் கல்மேசையில் சாய்த்து வைத்துவிட்டு, தரையில் குந்தி உட்கார்ந்தாள். திரை அவள் கண் உயரத்துக்கு வந்தது. பக்கத்து மேசையில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்த இரண்டு பேர் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

படத்துக்குள் ஒரு ஜோடிக் காலணிகள் வந்தன. தழும்புள்ள கணுக்கால். கால்கள் ஊன்றின.

"சொல்லு," என்றாள் அனு.

சங்கீதா புல்லைப் பார்த்தாள். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் அது இடப்பக்கம் லேசாகச் சரிந்தது. அவள் அவசரப்படவில்லை.

"கொஞ்சம் வலது," என்றாள்.

கால் அரை அங்குலம் நகர்ந்தது.

"ம்," என்றாள். போதும் என்ற சொல்லை மட்டும் இன்னும் சற்று நேரம் சொல்லாமல் வைத்திருந்தாள்.