ஐந்தாவது சனிக்கிழமை

எனக்குச் சமைக்கத் தெரியும் என்று நான் நம்பியது என் ஆயுளில் ஒரே ஒரு அரைநாள். அந்த அரைநாளுக்குள் இரண்டு கிலோ ஆட்டுக்கறி, ஒரு நட்பு, என் மானம் மூன்றையும் ஒரே குக்கரில் போட்டு மூடிவிட்டேன். இவற்றில் கறிக்குத்தான் சேதம் அதிகம். மானத்தைப் பொறுத்தவரை, சேதமாகும் அளவுக்கு அது முன்பே மிச்சமில்லை என்பது என் மனைவி ஞானகுமாரியின் கருத்து.

கோவில்பதாகையில் எங்கள் வீடு மாடியில். எதிர்ச்சாரியில் கீழ்த்தளத்தில் சின்னசாமி வாடகைக்கு இருந்தான். திருமழிசைத் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுபவன். அவன் மனைவி யுவராணி, காலேஜ் படிக்கும் மகள் ரேஷ்மா. நானும் அதே பேட்டையில்தான் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றேன். இத்தனை வருடம் என் வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்து, நான் ஓட்டுவதைத் திட்டிக்கொண்டே வேலைக்கு வந்தவன் சின்னசாமி. ஓய்வு பெற்ற பிறகு என்னைத் திட்டுவதற்கு வீட்டுக்கு வெளியே இருந்த ஒரே ஆள் அவன்தான்.

புரட்டாசி பிறந்தால் அவர்கள் வீட்டில் மாதம் முழுக்கக் கவுச்சி கிடையாது. முட்டை கூட உள்ளே வராது. கத்தோலிக்கர்களான எங்களுக்கு அந்த மாதம் இரட்டை லாபம். கறிக்கடையில் கூட்டம் இருக்காது. சனிக்கிழமைதோறும் யுவராணி பெருமாளுக்குப் படைத்துவிட்டு எங்களுக்கும் ஒரு தட்டு கொடுத்தனுப்புவாள். மாதம் முடிந்து வரும் முதல் ஞாயிறு மதியம் அவர்கள் மூவரும் எங்கள் வீட்டுக்கு வந்து ஞானகுமாரியின் கறிக்குழம்பில் விரதத்தை முடிப்பார்கள். ஒரு ஐப்பசி மழையில் அவர்கள் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, சமைக்க அடுப்பில்லாமல் எங்கள் மாடிக்கு ஏறி வந்ததில் ஆரம்பித்த பழக்கம் இது. தண்ணீர் வடிந்த பிறகும் பழக்கம் வடியவில்லை.

இந்த வருடம் சின்னசாமி குத்தம்பாக்கத்தில் சின்னதாக ஒரு வீடு வாங்கிவிட்டான். அக்டோபர் பதினெட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலையில் பால் காய்ச்சிக் குடிபோகிறார்கள். "பக்கத்துலதான் மாமே, பஸ் ஏறுனா வந்துடப் போறேன்" என்றான். அப்படிச் சொல்லிவிட்டுப் போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான் பஸ் ஏறுவார்கள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. இந்த வயதில் இன்னொருவனைப் பிடித்து, என்னைத் திட்டும் அளவுக்குப் பழக்கி எடுக்க எனக்குத் தெம்பு கிடையாது.

ஆகவே, போவதற்கு முன் கடைசி விருந்து பிரமாதமாக இருக்க வேண்டும். அந்த ருசிக்காகவாவது அவன் ஒவ்வொரு வருடமும் பஸ் ஏற வேண்டும் என்று திட்டம் போட்டேன். ஆனால் ஞானகுமாரி பாத்ரூமில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு இருந்தாள்.

"நான் சமைக்கிறேன்" என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சுடுதண்ணியா?"

அந்தக் கிண்டலுக்குப் பிறகு பின்வாங்க முடியுமா? அன்று காலை எதிர்வீட்டிலிருந்து சுண்டல் வந்திருந்தது. முதல் சனிக்கிழமை சர்க்கரைப் பொங்கல், இரண்டாவதுக்குப் புளியோதரை, மூன்றாவதுக்கு வடை, இப்போது சுண்டல். தட்டு நான்கு வந்தாயிற்று, மாதமும் முடிந்தாயிற்று. எங்கள் சமையலறையில் தொங்கும் பங்குக் கோயில் காலண்டரில் எந்தப் புனிதருக்கு என்றைக்குத் திருநாள் என்பது இருக்கும், புரட்டாசி இருக்காது. நான் அந்த மாதத்தை எப்போதும் தட்டை வைத்தே கணக்கிடுகிறவன்.

நேராக எதிர்வீட்டுக்குப் போய், "நாளைக்கு மத்தியானம் நம்ம வீட்டு விருந்து. இந்தத் தடவை சமையல் நான்" என்று அறிவித்தேன். சின்னசாமி யுவராணியைப் பார்த்தான். யுவராணி சின்னசாமியைப் பார்த்தாள்.

"நாளைக்கா?" என்றான் அவன்.

"பின்னே? அதுக்கடுத்த ஞாயிறு நீ குத்தம்பாக்கத்துல பால் காய்ச்சிக்கிட்டு இருப்பே."

"அதுவும் சரிதான்" என்று யுவராணி மெதுவாகச் சொன்னாள். "வந்துடறோம்ணே."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது என் சமையலை நினைத்துப் பயந்துதான் என்று எடுத்துக்கொண்டேன். அந்தப் பயத்தைப் போக்க வேண்டும் என்ற வெறியும் கூடவே வந்துவிட்டது.

ஞாயிறு பூசையைச் சனிக்கிழமை மாலையே பார்த்து முடித்தேன். விடிந்ததும் விடியாததுமாக ஜுல்ஃபிகரின் கறிக்கடைக்குப் போனேன். விரதம் முடிந்த முதல் ஞாயிறு என்றால் அந்தக் கடை வாசலில் தெருமுனை வரை வரிசை நிற்கும். அன்று ஈ கூட இல்லை. எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

"ரெண்டு கிலோ போடு பாய். எதிர்வீட்டுக்காரங்க எல்லாம் சாப்பிட வர்றாங்க."

ஜுல்ஃபிகர் கத்தியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "சின்னசாமி அண்ணனா? இந்த வாரமா சார்?"

"இந்த வாரமேதான்" என்றேன் பெருமையாக. அவர் ஏதோ சொல்ல வந்து, வருகிற ஒரே வியாபாரத்தைக் கெடுப்பானேன் என்று நினைத்தாரோ என்னவோ, குனிந்து வெட்ட ஆரம்பித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து ஞானகுமாரியை ஹாலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். "இன்னிக்கு நீ இந்தப் பக்கம் வரக்கூடாது. வாயும் திறக்கக்கூடாது."

"ஏங்க, ஒரே ஒரு விஷயம்..."

"திறக்கக்கூடாதுன்னேன்."

"இல்லைங்க, தேதி..."

"தேதியெல்லாம் எனக்குத் தெரியும். இஞ்சி எங்கே இருக்குன்னு மட்டும் சொல்லு."

அவள் இஞ்சி இருக்கும் இடத்தைச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் அவளுக்கு ஒரு போன் வந்தது. மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு குசுகுசுவென்று பேசினாள். அதன் பிறகு எழுந்து வந்து, நான் எவ்வளவு சொல்லியும் கேளாமல், தனியாக ஒரு பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவி, பால்கனியில் இருந்த பழைய ஒற்றை அடுப்பைப் பற்றவைத்து, இடது கையாலேயே ரசம் வைத்தாள். பீன்ஸ் பொரியல் வேறு.

"கறி விருந்துக்கு வந்தவன் பீன்ஸா தின்பான்?" என்று கேட்டேன்.

"ஒரு ஓரமா இருக்கட்டுமே" என்றாள்.

என் சமையலின் மீது நம்பிக்கையில்லாமல்தான் இந்த ஏற்பாடு என்று எனக்குச் சுருக்கென்றது. ரோஷத்தில் குழம்பைக் கொதிக்க விட்டேன். கறியைத் தயிரில் பிரட்டும்போது உப்புப் போட்டேன். குக்கரை மூடும்போது, போட்டோமா என்று சந்தேகம் வந்து போட்டேன். மசாலா கொதிக்கும்போது, குழம்புக்கென்று தனியாகப் போட வேண்டாமா என்று யோசித்துப் போட்டேன். ருசி பார்க்கவில்லை. விருந்தாளிக்கு முன்னால் வாயில் வைக்கக்கூடாது என்று அப்போது எனக்கு ஒரு கொள்கை தோன்றியிருந்தது.

மணம் மட்டும் உண்மையிலேயே நன்றாக வந்தது. மூவரும் வந்து ஹாலில் உட்கார்ந்தார்கள். ரேஷ்மா வாசனையை ஒரு இழு இழுத்துவிட்டு அம்மாவைப் பாவமாகப் பார்த்தாள். நான் இலை போட்டு, சோறு வைத்து, குழம்புச் சட்டியைத் துணி சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தேன். முதல் கரண்டியை அள்ளிச் சின்னசாமியின் இலைக்குமேல் நீட்டினேன்.

அவன் இரண்டு கையாலும் இலையை மறைத்தான்.

"இன்னாடா?"

"மாமே, மொதல்ல ரசம் ஊத்து."

"ரசம் கடைசியிலடா."

"இன்னிக்கி மொதல்ல. அப்பால கடைசிலயும் அதே."

நான் கரண்டியோடு நின்றேன். ரேஷ்மாவால்தான் அடக்க முடியவில்லை. "அங்கிள், புரட்டாசி இன்னும் முடியல. இந்த வருஷம் அஞ்சு சனிக்கிழமை. வர்ற சனிக்கிழமையோடதான் முடியுது."

"அஞ்சா?"

"அதான் அடுத்த ஞாயித்துக்கிழம பால் காய்ச்சறோம். அன்னிக்கித்தான் ஐப்பசி ஒண்ணு. புரட்டாசில எவனாச்சும் புது ஊட்டுக்குப் போவானா மாமே?" என்றான் சின்னசாமி.

கரண்டியிலிருந்து ஒரு சொட்டு என் கால் பெருவிரலில் விழுந்தது. சுட்டது. அது எனக்கு வேண்டியதுதான். எத்தனை புரட்டாசியை எதிர்வீட்டில் பார்த்திருப்பேன்! பொங்கலையும் வடையையும் பார்த்த அளவுக்கு மாதத்தைப் பார்க்கவில்லை.

"தெரிஞ்சுகிட்டேவாடா வந்தீங்க?"

யுவராணி தலையைக் குனிந்துகொண்டு இலையின் ஓரத்தை நீவினாள். "நீங்க கூப்புடும்போதே தெரியும்ணே. சொல்லியிருந்தா தள்ளிப் போட்டுருவீங்க. தள்ளுனா நாங்க இங்க இல்ல. கறி இல்லாங்காட்டி போவுது, ஒண்ணா உக்காந்து ஒரு வாய் சாப்ட்டுப் போலாம்னுதான் வந்தோம். காலைல அக்காக்கு போன் பண்ணி, உங்ககிட்ட சொல்ல வேணாம்னேன்."

நான் ஞானகுமாரியைப் பார்த்தேன். அவள் இடது கையால் பீன்ஸ் பொரியலை நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தாள். குழம்புச் சட்டியை உள்ளே கொண்டுபோய் வைக்கிற சாக்கில் அடுப்படியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

நாங்கள் ஐந்து பேரும் ரசமும் பீன்ஸும் சாப்பிட்டோம். வெளியே மழை பிடித்துக்கொண்டது. சின்னசாமி மூன்று முறை ரசம் வாங்கிக்கொண்டு, அக்கா கை ஒடிந்தாலும் ருசி ஒடியவில்லை என்றான். ஒவ்வொரு வாய்க்கும் அடுப்படிப் பக்கம் மூக்கைத் திருப்பி இழுத்துக்கொண்டான். "வாசன கணக்குல வராது. பெருமாளு மூக்குக்கு ஒண்ணியும் சொல்லல" என்றான்.

கிளம்பும்போது படியில் நின்று திரும்பினான். "மாமே, இன்னிக்கி அந்தக் கறிய துன்னுட்டுப் போயிருந்தன்னா இத்தோட முடிஞ்சிருக்கும். இப்ப பாக்கி கீது. வந்துதான் ஆவணும். எங்க பங்க எடுத்து ஃப்ரீசர்ல வைய்யி. பால் காய்ச்சி அடுத்த வாரம் வந்து தீத்துக்கறோம்."

அவன் அப்படிச் சொன்னதும் எனக்கு அன்று முழுவதற்குமான வருத்தம் இறங்கிவிட்டது. அவர்கள் தெருவைத் தாண்டும் வரை கை ஆட்டிவிட்டு, உற்சாகமாக உள்ளே வந்து, ஞானகுமாரிக்கும் எனக்கும் ஆளுக்கு ஒரு கரண்டி குழம்பு ஊற்றினேன்.

அவள் ஒரு வாய் வைத்தாள். கண்ணை மூடினாள். எழுந்துபோய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தாள்.

"எத்தனை தடவை உப்பு போட்டீங்க?"

"மூணு. ஏன்?"

அவள் திருஇருதய ஆண்டவர் படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு எதிர்வீட்டுப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடும் போட்டாள். "அவங்க பெருமாள் நல்லவர். அவங்களைக் காப்பாத்திட்டார். நம்மளைத்தான் காப்பாத்த ஆளில்லை."

அந்தக் குழம்பில் உருளைக்கிழங்கு போட்டுப் பார்த்தோம். தேங்காய்ப்பால் ஊற்றிப் பார்த்தோம். என்ன போட்டாலும் குழம்பின் அளவு கூடியதே தவிர உப்பு குறையவில்லை. ஒரு வாரம் சோற்றில் இரண்டு சொட்டு விட்டுச் சாப்பிட்டோம். ஃப்ரீசரில் வைக்கவில்லை, சின்னசாமியிடம் சொல்லவும் இல்லை.

பால் காய்ச்சும் அன்று குத்தம்பாக்கம் போய் வடை பாயசம் சாப்பிட்டு வந்தோம். அதற்கடுத்த ஞாயிறு காலை, யாருக்கும் தெரியாமல் புதிதாகக் கறி வாங்கி வந்தேன். அன்று ஜுல்ஃபிகரின் கடையில் வரிசை தெருமுனை வரை நின்றது; என்னைப் பார்த்ததும் அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தராசைத் துடைத்தார். ஞானகுமாரி பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, சொன்னபடி செய்தேன். உப்பு டப்பாவின் பக்கமே போகவில்லை. அவள் போட்டுக்கொள்வாள் என்று விட்டுவிட்டேன்.

மழையில் பஸ் பிடித்து, குடையை உதறிக்கொண்டு மூவரும் வந்தார்கள். பூட்டிக் கிடந்த எதிர்வீட்டை யுவராணி ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் படியேறினாள். இலை போட்டேன். சோறு வைத்தேன். இந்த முறை சின்னசாமி இலையை மறைக்கவில்லை. ஒரு மாதத்துக்கும் மேலான ஆசையோடு பெரிய துண்டாக எடுத்து வாயில் போட்டான். மென்றான். மெதுவாக மென்றான். பிறகு நிறுத்தினான்.

"மாமே, உப்பு?"

நான் ஞானகுமாரியைப் பார்த்தேன். "நீ போடலையா?"

"நீங்க போட்டிருப்பீங்கன்னு நெனச்சேன். போன தடவை மூணு தடவை போட்ட ஆளாச்சே!"

அப்படியாக அந்த ரகசியமும் உடைந்தது. ரேஷ்மாவுக்குப் புரையேறி, யுவராணி அவள் தலையில் தட்டினாள். அவளுக்கே சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உப்பும் ஊறுகாயும் ஹாலுக்கு வந்தன. ஆளுக்கொரு சிட்டிகை தூவிக்கொண்டு, சின்னசாமி சட்டியின் அடிவரை துடைத்துச் சாப்பிட்டான்.

கை கழுவிவிட்டு என் தோள் துண்டில் துடைத்துக்கொண்டே, "இது செல்லாது" என்றான்.

"எது?"

"இந்த விருந்து. அன்னிக்கி உப்பு ஜாஸ்தி, இன்னிக்கி உப்பே இல்ல. ஒயுங்கா ஒரு சாப்பாடு போட்டாத்தான் பாக்கி தீரும். கிறிஸ்மசுக்கு வர்றோம்."

கிறிஸ்மசுக்குப் பிரியாணி என்று அறிவித்துவிட்டேன், அதுவும் என் கையால். ஞானகுமாரியின் மாவுக்கட்டை அதற்குள் பிரித்துவிடுவார்கள். இருந்தாலும் அவளை அடுப்படிக்குள் விடப்போவதில்லை. அவள் செய்தால் நன்றாக வந்து தொலைக்கும், பாக்கியும் தீர்ந்துவிடும். அன்றைக்கு எதையாவது ஒன்றைக் கெடுத்தே ஆக வேண்டும். அதற்கென்று நான் தனியாக மெனக்கெட வேண்டியிருக்காது.